விளையாடுவதற்கா, விளையாட்டைச் செய்வதற்கா?

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. "கேம் டெவலப்பர் ஆகணும்" என்று சொல்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் பொறுமையாக முழுவதும் படியுங்கள். முக்கியமாக, கடைக்குப் போகும் முன் படியுங்கள்.

ஊரெல்லாம் ஒரு மூடநம்பிக்கை பரவிக் கிடக்கிறது. கம்ப்யூட்டர் கேம் உருவாக்கக் கற்றுக்கொள்ள ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு கம்ப்யூட்டர் வேண்டுமாம். ஐ9 ப்ராசஸர் வேண்டுமாம். இருப்பதிலேயே பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டுமாம். கடைக்காரர் சொல்கிறார். கலர் கலராக விளக்கு எரிகிற அறையில் உட்கார்ந்துகொண்டு யூடியூப் தம்பிகள் சொல்கிறார்கள். அட்மிஷன் கையேட்டில் கல்லூரிகளும் சொல்கின்றன.

இந்த நம்பிக்கை இரண்டு விதமான குடும்பங்களைக் கெடுக்கிறது. எப்படியாவது புரட்டிவிடலாம் என்று நினைப்பவரைக் கடனாளி ஆக்குகிறது. புரட்டவே முடியாதவரின் பிள்ளையை "இது நமக்கில்லை" என்று வாசலிலேயே திரும்பிப் போக வைக்கிறது. அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் முடியாதும்மா" என்று தங்கையை வேறு படிப்புக்கு அனுப்பும் வீடுகளும் உண்டு. நகை போனால் மீட்கலாம். திரும்பிப் போன பிள்ளையை யார் கூப்பிட்டு வருவது? எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

"தொடக்கப்பள்ளி வாத்தியாருக்கு ப்ராசஸரைப் பற்றி என்ன தெரியும்" என்று சிலர் கேட்பீர்கள். கேளுங்கள். கடை கொட்டேஷனைப் படிக்கக் கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும். அதைத்தான் முப்பது வருடத்துக்கு மேல் சொல்லிக் கொடுத்தேன்.

முதலில் இந்த இரண்டு பொருளும் என்ன வேலை செய்கின்றன என்று பார்ப்போம்.

ப்ராசஸர் என்பது நாலைந்து நல்ல ஆசிரியர்கள் மாதிரி. ஒவ்வொருவரும் எந்தக் கடினமான வேலையையும் செய்வார்கள், முடிவெடுப்பார்கள். கிராபிக்ஸ் கார்டு என்பது மைதானத்தில் கல் பொறுக்க இறங்கிய ஆயிரம் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் சின்ன வேலை, எல்லோருக்கும் ஒரே வேலை, எல்லாம் ஒரே நேரத்தில். சாதாரணத் திரையில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 முறை மாற்றி வரைய வேண்டும் என்றால் 12,44,16,000 புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். இதை ஆசிரியர்கள் செய்தால் விடிந்துவிடும். ஆயிரம் பிள்ளைகள் வேண்டும். கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. எப்போது, எவ்வளவு என்பதுதான் கேள்வி.

விளையாடுகிறவரின் கம்ப்யூட்டர், யாரோ செய்து முடித்த கேமைத் திரையில் வேகமாக வரைந்து காட்டுகிறது. கார்டுக்குத்தான் பெரும்பாலும் வேலை. கேம் செய்கிறவரின் கம்ப்யூட்டர் நாள் முழுக்கச் செய்வது வேறு. எழுதிய கோடை கம்பைல் செய்ய வேண்டும். படங்களையும் ஒலிகளையும் மாடல்களையும் இம்போர்ட் செய்ய வேண்டும். ஷேடர்களைத் தயார் செய்ய வேண்டும். எடிட்டர், பிளெண்டர், பாடம் சொல்லும் வீடியோ எல்லாம் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும். இதில் பெரும்பகுதி ப்ராசஸர், ராம், எஸ்எஸ்டி மூன்றின் தலையில்தான் விழுகிறது.

ஓர் உதாரணம். ஏஎம்டி 2022-ல் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி ப்ராசஸரில் 8 கோர். 96 எம்பி எல்3 கேஷ். கேம் விளையாடுகிறவர்கள் அதைக் கொண்டாடினார்கள். அதே வரிசையில் 2020-ல் வந்த ரைசன் 9 5900எக்ஸில் 12 கோர். விளையாட்டில் பல இடங்களில் முன்னது ஜெயிக்கும். பெரிய ப்ராஜெக்டை கம்பைல் செய்யச் சொன்னால் பின்னது முந்தும். ஒரே கம்பெனி, ஒரே வரிசை, வேலை மாறினால் பதில் மாறுகிறது. "பெஸ்ட் எது?" என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையான பதில்தான் கிடைக்கும்.

கோர் எண்ணிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. ஜீன் ஆம்டால் என்ற பொறியாளர் 1967-லேயே சொன்ன கணக்கு இது. ஒரு வேலையில் கால் பங்கு ஒருவர் மட்டுமே செய்யக்கூடியது என்றால், மீதி முக்கால் பங்குக்கு எத்தனை பேரை இறக்கினாலும் மொத்த வேகம் நாலு மடங்கைத் தாண்டாது. நாற்பது ஆசிரியர்கள் மார்க் ஷீட் எழுதினாலும் கடைசிக் கையெழுத்து தலைமையாசிரியர் ஒருவர்தானே? கற்றுக்கொள்ளும் மாணவரின் சின்ன ப்ராஜெக்டில் 24 கோர் ப்ராசஸரின் பெரும்பகுதி சும்மாதான் உட்கார்ந்திருக்கும். 6 கோர் தாராளம்.

அடுத்து, பெயர் வைத்து ஏமாற்றும் வித்தை. "ஐ7 சார்" என்பார்கள். எந்தத் தலைமுறை ஐ7? 2013-ல் வந்த ஐ7-4770-இல் 4 கோர், 8 த்ரெட். 2022-ல் வந்த ஐ3-12100-இலும் அதே 4 கோர், 8 த்ரெட். ஆனால் அந்த ஐ3 இந்த ஐ7-ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பழைய ஐ7-ஐ விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதும் இல்லை. "ரீஃபர்பிஷ்ட் ஐ7" என்று பளபளப்பாகத் துடைத்து வைத்திருப்பதில் முக்கால்வாசி இந்தக் கதைதான்.

கிராபிக்ஸ் கார்டில் இந்த வித்தை இன்னும் மோசம். ஜிடி 1030 என்ற பெயரில் இரண்டு கார்டுகள் வந்தன. ஒன்றில் ஜிடிடிஆர்5 மெமரி, இன்னொன்றில் டிடிஆர்4. டப்பாவில் பெயர் ஒன்றே. மெமரி வேகமோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆர்டிஎக்ஸ் 3050 என்று 8 ஜிபியும் உண்டு, 6 ஜிபியும் உண்டு. வித்தியாசம் 2 ஜிபி மட்டும் என்று நினைக்காதீர்கள். உள்ளே இருக்கும் கோர் எண்ணிக்கையே 2560, 2304 என்று மாறும். 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரில் 16 ஜிபி, 12 ஜிபி என்று இரண்டு கார்டுகளை என்விடியா அறிவித்தது. இரண்டும் உள்ளே வேறு வேறு பொருள். உலகமே திட்டிய பிறகு, அடுத்த மாதமே 12 ஜிபி கார்டுக்குச் சரியாகப் பெயர் வைக்கவில்லை என்று சொல்லி அதை வாபஸ் வாங்கியது. அதுதான் பிறகு 4070 டிஐ ஆக வந்தது.

லேப்டாப்பில்? டெஸ்க்டாப் 4090-இல் 16,384 கோர், 24 ஜிபி மெமரி. லேப்டாப் 4090-இல் 9,728 கோர், 16 ஜிபி. பெயர் மட்டும் ஒன்று. "4090 வாங்கிக் கொடுத்தேன்" என்று மார்தட்டும் அப்பாவுக்கு இதை யார் சொல்வது?

விலை கூடினால் நிம்மதி கூடும் என்றும் நினைக்காதீர்கள். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில், குறிப்பாக உச்சியில் இருந்த ஐ9-களில், கேம்கள் காரணமில்லாமல் நின்றுபோயின. அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்கள் ஷேடர் தயார் செய்யும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று பிழைச் செய்தி காட்டின. பலர் கார்டைச் சந்தேகித்தார்கள். கோளாறோ ப்ராசஸரில். 2024-ல் இன்டெலே அதிக வோல்டேஜ் பிரச்சினையை ஒப்புக்கொண்டு, சரிசெய்யும் மைக்ரோகோட் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டித்தது. ஆக, உச்சி மாடல் என்பது தரச் சான்றிதழ் கிடையாது. அந்த வரிசையில் ஏதாவது வாங்கினால் மதர்போர்டின் பயாஸ் அப்டேட் செய்யப்பட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

போன மாதம் என்னிடம் படித்த ஒருவர், இப்போது லாரி ஓட்டுகிறார், மகளுக்காக வாங்கிய கொட்டேஷனைக் கொண்டுவந்து காட்டினார். மொத்தம் 1,60,000. அதில் கார்டு மட்டும் 85,000. ராம் 16 ஜிபி, ஒரே ஸ்டிக். எஸ்எம்பிஎஸ் என்ற இடத்தில் கம்பெனி பெயரே இல்லை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசின கதை. மொத்தக் கம்ப்யூட்டருக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. அது மட்டமாக இருந்து போகும்போது, 85,000 ரூபாய் கார்டையும் கூடவே கூட்டிக்கொண்டு போகலாம்.

"என்னப்பா, பாப்பா என்ன கேம் செய்யப் போகுது?" என்று கேட்டேன். "அது தெரியலைங்க சார், கடையில இதான் வேணும்னாங்க" என்றார். மகளிடம் போனில் கேட்டோம். இரு பரிமாணப் படம் வரைந்து, மொபைலில் ஓடும் புதிர் விளையாட்டு செய்ய ஆசையாம். அதற்கு 85,000 ரூபாய் கார்டு! குருவி தலையில் பனங்காய் என்பது இதுதான்.

இப்போது மறுதரப்பு சொல்வதையும் நேர்மையாகப் பார்ப்போம்.

"நாளைக்குத் தேவைப்படும் சார், இப்பவே பெரிசா வாங்கிடுங்க." கார்டு தங்கம் இல்லை, வைத்திருந்தால் மதிப்பு ஏற. பிள்ளை மூன்றாம் வருடம் தொடுகிற வேலைக்கு முதல் வருடமே கார்டு வாங்கினால், தேவைப்படும் நாளில் அது பழைய தலைமுறை ஆகியிருக்கும்; வாரண்டியும் பாதி கரைந்திருக்கும். டெஸ்க்டாப்பின் வசதியே பிற்பாடு சேர்க்கலாம் என்பதுதான். நல்ல மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் இருந்தால் கார்டை எப்போது வேண்டுமானாலும் செருகலாம்.

"அன்ரியல் எஞ்சினுக்குப் பெரிய மெஷின்தான் வேண்டும்." பாதி உண்மை. அன்ரியல் கனமானதுதான், லூமன், நானைட் போன்றவற்றுக்கு நல்ல கார்டு வேண்டும். ஆனால் அதன் ஆவணங்களிலேயே பரிந்துரையாக இருப்பது 32 ஜிபி ராம், 8 ஜிபி மெமரி உள்ள கார்டு என்ற அளவுதான். கொட்டேஷனில் ராமை 16-இல் நிறுத்திவிட்டுக் கார்டை மட்டும் வானத்துக்கு ஏற்றினால், அது அன்ரியலுக்கும் உதவாது. ஷேடர் தயாராகும்போது எல்லாக் கோர்களும் சேர்ந்து ராமைத்தான் தின்னும்.

"பெரிய கார்டு இருந்தால்தான் நல்ல கேம் வரும்." இதுதான் இருப்பதிலேயே பெரிய பொய். எரிக் பரோன் என்ற இளைஞர் தனி ஆளாக, ஒரு தியேட்டரில் டிக்கெட் பார்த்து இடம் காட்டும் வேலையும் பார்த்துக்கொண்டு, நாலு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து ஸ்டார்டியூ வேலி செய்தார். 2016-ல் வந்தது, கோடிக் கணக்கில் விற்றது. வியட்நாமின் டாங் நுயென் சில நாட்களில் செய்த ஃப்ளாப்பி பேர்ட் 2014-ல் உலகத்தையே ஆட்டிவைத்தது. இவற்றில் எதற்கும் ராட்சசக் கார்டு தேவைப்பட்டிருக்காது.

நம் மொழிக்காரர் கதைக்கு வருகிறேன். "வெண்பா" என்ற கேம். கனடாவின் டொராண்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறிய குழு செய்தது, 2023-ல் வந்தது. 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம், அழிந்துபோன எழுத்துகளோடு ஓர் அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு, இட்லி, புட்டு, பிரியாணி. அவ்வளவுதான். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக கேம் என்ற பரிசு வாங்கியது. நின்டென்டோ ஸ்விட்ச் என்ற கையடக்கக் கருவியில் ஓடுகிறது. அந்தக் கருவியில் இருப்பது 2015-ல் அறிவிக்கப்பட்ட டெக்ரா எக்ஸ்1 சிப்பும் 4 ஜிபி ராமும். உங்கள் பிள்ளையின் செல்போனிலேயே இதைவிட அதிக ராம் இருக்கலாம். பாஃப்டா நடுவர்கள் கார்டு மாடல் நம்பரைக் கேட்டுப் பரிசு கொடுக்கவில்லை.

இன்னொன்று யோசியுங்கள். நீங்கள் செய்யும் கேமை விளையாடப் போகிறவர் யார்? ஸ்டீம் தளம் தன் பயனர்களின் கம்ப்யூட்டர் விவரத்தை மாதாமாதம் வெளியிடுகிறது. அதில் பல வருடங்களாக முன்வரிசையில் மாறி மாறி இருப்பவை 1060, 1650, 3060, 4060 போன்ற நடுத்தரக் கார்டுகள்தான். நம் நாட்டில் பெரும்பாலோர் விளையாடுவது செல்போனில். நொடிக்கு 60 படம் வர வேண்டுமானால் ஒரு படத்துக்கு 16 மில்லிசெகண்டுக்குச் சற்று அதிகம்தான் நேரம். உங்கள் கார்டில் ஒரு படம் 5 மில்லிசெகண்டில் முடிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மடங்கு மெதுவான கார்டு வைத்திருப்பவருக்கு அது 25 ஆகும். 60 படம் 40 ஆகிவிட்டது. உங்களுக்கு அது தெரியவே தெரியாது. நடுத்தரக் கார்டில் வேலை செய்கிற மாணவருக்கு அன்றைக்கே தெரியும், அன்றைக்கே திருத்துவார்.

சரி, என்ன வாங்கலாம்? படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒன்று. முதல் ஆறு மாதம் எதுவும் வாங்காதீர்கள். வீட்டில் இருக்கிற லேப்டாப்பில், அரசாங்கம் கொடுத்ததாக இருந்தாலும் ஓடினால் சரி, கோடோ என்ற எஞ்சினைப் போடச் சொல்லுங்கள். இலவசம், கட்டற்ற மென்பொருள், பழைய கம்ப்யூட்டருக்கென்றே அதில் எளிமையான ரெண்டரிங் முறை உண்டு. மூன்று சின்ன கேம்களை முழுசாக முடிக்கட்டும். பாதியில் விட்ட முப்பது கணக்கில் சேராது. முடித்தால் அடுத்த படி.

இரண்டு. இரு பரிமாண கேம், மொபைல் கேம் என்றால் 6 கோர் ப்ராசஸர், அதுவும் உள்ளேயே கிராபிக்ஸ் உள்ளது. ரைசன் 5 5600ஜி, ஐ5-12400 போன்ற வகை. இன்டெலில் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்று இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரையே வராது. ராம் 16 ஜிபி, இரண்டு 8 ஜிபி ஸ்டிக்காக. உள்கிராபிக்ஸ் ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டு ஸ்டிக் போட்டால் வேகம் கூடும். என்விஎம்இ எஸ்எஸ்டி. நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ். கார்டு வேண்டாம்.

மூன்று. முப்பரிமாண வேலை உண்மையிலேயே ஆரம்பித்த பிறகு கார்டு. 8 ஜிபிக்குக் குறையாதீர்கள். பிளெண்டரில் ரெண்டர் செய்பவருக்கு வேகத்தோடு மெமரி அளவும் முக்கியம். 3060-இல் 12 ஜிபி உண்டு, அதற்குப் பின் வந்த 4060-இல் 8 ஜிபிதான். விளையாட்டில் 4060 முந்தும். மெமரிக்குள் அடங்காத பெரிய காட்சி என்றால் 12 ஜிபி கைகொடுக்கும். 3060-இலும் 8 ஜிபி என்று ஒரு குறைந்த ரகம் உண்டு, பார்த்து வாங்குங்கள். ராமை 32 ஆக்குங்கள்.

நான்கு. அன்ரியலில் சி பிளஸ் பிளஸ் எழுதி, பெரிய ப்ராஜெக்ட் கம்பைல் செய்து, காத்திருப்பதிலேயே நாள் போகிறது என்ற நிலை வந்தால் 8 முதல் 12 கோர், 32 முதல் 64 ஜிபி. அந்த நிலைக்கு வந்த பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைக்கே தெரியும். கடைக்காரரும் வேண்டாம், வாத்தியாரும் வேண்டாம்.

கரண்ட் கணக்கையும் போட்டுவிடுகிறேன். ஐ9-14900கே உச்ச வேகத்தில் 253 வாட், 4090 கார்டு 450 வாட். கூட்டினால் 703. முழு வேகத்தில் தினம் 6 மணி நேரம், 60 நாள் ஓடினால் சுமார் 253 யூனிட். ரைசன் 5600-உம் 4060-உம் சேர்ந்து சுமார் 190 வாட். அதே நேரத்துக்கு 68 யூனிட். எப்போதும் முழு வேகத்தில் ஓடாதுதான். ஆனால் இலவச யூனிட்டைத் தாண்டக் கூடாது என்று பார்த்துப் பார்த்து விளக்கை அணைக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் கண்ணில் படும். சித்திரை மாதத்தில் அந்த 703 வாட்டும் அறைக்குள் அனலாக இறங்கும். அதற்கு ஒரு ஏசி.

கடைசியாக, கேம் டிசைன், அனிமேஷன் படிப்பு நடத்தும் கல்லூரிகளுக்கு. "ஆர்டிஎக்ஸ் லேப்டாப் கட்டாயம்" என்று கையேட்டில் ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். லட்சக் கணக்கில் ஃபீஸ் வாங்குகிற நீங்கள்தான் லேப் வைக்க வேண்டும். அதை மாலை நாலு மணிக்குப் பூட்டாமல் எட்டு மணி வரை திறந்து வைக்க வேண்டும். எந்த செமஸ்டரில் எந்த மென்பொருள், அதற்கு என்ன குறைந்தபட்ச மெஷின் என்று அட்மிஷனுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் வருடம் பென்சில் டிராயிங்கும் அடிப்படை நிரலாக்கமும் நடத்திவிட்டு, அந்த வருடமே ஆர்டிஎக்ஸ் எதற்கு? இதற்குப் பதில் சொல்லுங்கள். பெற்றோர்களே, அட்மிஷன் அன்றைக்கு இந்தக் கேள்வியை நீங்களும் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் பதில் வராது.

லாரி ஓட்டுநரின் மகள் இப்போது வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பில் கோடோ போட்டுக்கொண்டிருக்கிறாள். முதல் கேம் பாதியில் நிற்கிறது. மூன்று முடித்தால் இரண்டாம் படியில் சொன்ன கம்ப்யூட்டர். அப்பாவுக்கும் மகளுக்கும் அதுதான் ஒப்பந்தம். 85,000 ரூபாய் அந்த வீட்டிலேயே இருக்கிறது.

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நேரத்தில் இந்தப் பதிவு தேவைப்படுகிறவர்களுக்கு அனுப்புங்கள். நகைக்கடன் வரிசையில் நிற்கும் ஒருவருக்காவது போய்ச் சேர்ந்தால் சந்தோஷம். மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். ஆனால் எந்த வேலைக்கு எந்தக் கார்டு என்று கணக்கோடு எழுதுங்கள். "பெஸ்ட்" என்ற சொல் மட்டும் வேண்டாம்.